பூட்டாத கடைக்குப் பூட்டுப் போட்டது யார்?

ஆன்லைன் வியாபாரத்தால் நம் தொழில் அழிகிறது என்று பேசாத வணிகர் கூட்டம் இன்று எந்த ஊரிலும் இல்லை. மே 5 வணிகர் தின மாநாடானாலும் சரி, நாலு பேர் டீக்கடையில் நின்று பேசினாலும் சரி, பேச்சு அங்கேதான் வந்து நிற்கிறது. நாமும் பேசியிருக்கிறோம். 2012ல் சில்லரை வணிகத்தில் அந்நிய முதலீட்டை அனுமதித்தபோது கடையடைப்பில் கலந்துகொண்டு வாசலில் கறுப்புக் கொடி கட்டியவர்கள்தான் நாங்களும். அது தவறு என்று இப்போது சொல்ல வரவில்லை. போராட வேண்டிய இடத்தில் போராடத்தான் வேண்டும். ஆனால் மாநாடு முடிந்து வீடு திரும்பிய பிறகு, நம் கடை பொதுமக்களின் கைபேசியில் எப்படித் தெரிகிறது என்று ஒரு நாளாவது நம்மில் எத்தனை பேர் தேடிப் பார்த்திருக்கிறோம்? நாங்கள் பார்க்கவில்லை. அதற்கு நாங்கள் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் பருப்பு, வற்றல், மல்லி, புளி, வெல்லம் மொத்த வியாபாரம் எங்களுடையது. 1977ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு தகப்பனார் கடையில் மூடை எண்ண நின்றோம், இன்றுவரை நிற்கிறோம். 2021ல் பழைய கடையில் இடம் போதாமல் இரண்டு தெரு தள்ளிக் கொஞ்சம் பெரிய இடத்துக்கு மாறினோம். கணபதி ஹோமம் செய்தோம், வாடிக்கையாளர்களுக்குக் கார்டு அனுப்பினோம், பழைய கடைக் கதவில் "கடை மாற்றப்பட்டுள்ளது" என்று நோட்டீஸ் ஒட்டினோம். மழை பெய்ததும் நோட்டீஸ் போய்விட்டது. நம் கடைதான் எல்லாருக்கும் தெரியுமே என்று அத்தோடு விட்டுவிட்டோம்.

கைபேசி வரைபடத்தில் எங்கள் பழைய கடை ஏற்கெனவே இருந்திருக்கிறது. நாங்கள் போட்டதில்லை. எந்த லாரி டிரைவர் போட்டாரோ, எந்த வாடிக்கையாளர் போட்டாரோ தெரியாது. வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் ஓர் இடத்தைச் சேர்க்கலாம், திருத்தம் சொல்லலாம் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பழைய கடை பூட்டிக் கிடப்பதைப் பார்த்த யாரோ ஒரு நல்லவர் "இந்தக் கடை மூடப்பட்டது" என்று திருத்தம் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை; கண்ணால் கண்டதைச் சொன்னார். ஆக எங்கள் கடைப் பெயருக்குக் கீழே சிவப்பு எழுத்தில் "நிரந்தரமாக மூடப்பட்டது" என்று வந்துவிட்டது. அங்கே கொடுத்திருந்த தொலைபேசி எண்ணும் நாங்கள் எப்போதோ சரண்டர் செய்துவிட்ட பழைய தரைவழி எண்.

2023 பொங்கல் வியாபாரம் மந்தமாக இருந்தது. வெல்லமும் பாசிப்பருப்பும் தேங்கின. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டோம். பங்குனியில் ஒரு கல்யாண வீட்டில் மேலூர்ப் பக்கத்து மளிகைக்காரர் ஒருவரைப் பார்த்தோம். இருபது வருடமாக எங்களிடம் சரக்கெடுத்தவர். எங்களைக் கண்டதும் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா? இப்ப என்ன செய்றீங்க?" என்றார். "என்ன செய்வோம், கடைதான்" என்றோம். அவருக்குப் புரியவில்லை. அவர் மகன்தான் இப்போது சரக்கெடுக்க வருகிறவன். அவன் போனில் பார்த்திருக்கிறான், மூடிவிட்டதாகப் போட்டிருக்கிறது, பழைய இடத்துக்கும் போய்ப் பார்த்திருக்கிறான், பூட்டு. வேறு கடையில் எடுத்துக்கொண்டு போய்விட்டான். "ஒரு போன் போட்டிருக்கலாமே" என்று கேட்டோம். "நொடிச்சுப் போயிட்டீங்களோன்னு நெனச்சோம் அண்ணாச்சி. அத எப்படி வாய் விட்டுக் கேக்குறது?" என்றார்.

மொத்த வியாபாரிகளுக்கு இதன் கனம் புரியும். நம் தொழிலில் முதல் என்பது பாதிதான் பணம், மீதி நாணயம். நொடித்துவிட்டான் என்ற பேச்சு ஒரு முறை கிளம்பினால் போதும், பதினைந்து நாள் கெடு கொடுத்தவர் ரொக்கம் கேட்பார். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகுதான், அதற்கு இரண்டு மாதம் முன்பு விருதுநகர்த் தரகர் ஒருவர் வழக்கத்துக்கு மாறாகப் பாக்கியை உடனே முடிக்கச் சொல்லி இரண்டு தடவை ஆள் அனுப்பியது ஏன் என்று எங்களுக்கு விளங்கியது. அவரிடம் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லமாட்டார்.

இதற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. கடையை மாற்றியவர்கள் நாங்கள். ஊருக்கெல்லாம் கார்டு அனுப்பிய நாங்கள், ஊர் எங்கே பார்க்கிறதோ அங்கே சொல்லவில்லை.

அதைச் சரி செய்தது எங்கள் மருமகள். வரைபடத்தில் நம் கடைப் பெயரைத் தொட்டால், இந்தக் கடை உங்களுடையதா என்று கேட்கும் ஓர் இடம் இருக்கிறது. அதன் வழியாக உரிமை கோர வேண்டும். கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்று இப்போது இதற்குப் பெயர். 2021க்கு முன் கூகுள் மை பிசினஸ் என்றார்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. முன்பெல்லாம் தபால் கார்டில் ரகசிய எண் அனுப்புவார்கள்; இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெருவில் ஆரம்பித்து, பக்கத்துக் கடைகளைக் காட்டி, நம் போர்டைக் காட்டி, சாவி போட்டுக் கதவைத் திறந்து, உள்ளே சரக்கையும் பில் போடும் இடத்தையும் வெட்டாமல் ஒரே மூச்சில் படம் பிடிக்க வேண்டும். கடையின் உரிமையாளர்தான் சாவி வைத்திருப்பார் என்பது அவர்கள் கணக்கு. எங்களுக்கு முதல் தடவை நிராகரித்துவிட்டார்கள், போர்டில் இருந்த பெயரும் நாங்கள் எழுதிக் கொடுத்த பெயரும் ஒத்துப்போகவில்லை என்பதால் இருக்கலாம். போர்டில் தகப்பனார் பெயரோடு "அன் சன்ஸ்". எழுதியதில் அது இல்லை. இரண்டாம் தடவை சரியானது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போர்டு, பில் புத்தகம், ஜிஎஸ்டி சான்றிதழ், வரைபடம் எல்லாவற்றிலும் கடைப் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். நம்மில் பலர் போர்டில் ஒரு பெயர், பில்லில் இன்னொரு பெயர், ஊர் வழக்கில் மூன்றாவது பெயர் என்று வைத்திருக்கிறோம். சிலர் கெட்டிக்காரத்தனமாக வரைபடத்தில் கடைப் பெயரோடு "மதுரையின் மிக மலிவான மொத்த மளிகை" என்று வால் சேர்க்கிறார்கள். அது விதிக்குப் புறம்பு. போர்டில் உள்ள பெயர்தான் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். மீறினால் பதிவையே நிறுத்தி வைத்துவிடுவார்கள். பிறகு வால் மட்டுமல்ல, தலையும் போய்விடும்.

நேரம் போடுவதில் கவனம் வேண்டும். மதியம் இரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு அடைக்கும் கடை, காலை எட்டு முதல் இரவு ஒன்பது வரை திறந்திருப்பதாகக் காட்டினால், வெயிலில் வந்து திரும்பிய ஆள் மறுபடி வருவாரா? அமாவாசை விடுமுறை, திருவிழா விடுமுறை, ஞாயிறு அரை நாள் எல்லாவற்றையும் முன்கூட்டியே போட வசதி இருக்கிறது. சித்திரைத் திருவிழா வாரத்தில் நாங்கள் அதைப் போட்டதில் எங்களுக்கு வந்த வெட்டிப் போன்கள் குறைந்தன.

படம் விஷயத்தில் நம்மவர்கள் செய்வதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடையின் முகப்புப் படமாக மகாலட்சுமி படத்தை வைத்திருக்கிறார்கள் பலர். பக்தி நல்லதுதான். ஆனால் வழி தேடி வருகிறவருக்கு லட்சுமி எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று தெரிய வேண்டாமா? காலை வெளிச்சத்தில், எதிர்ச் சாரியில் நின்று, போர்டும் பக்கத்துக் கட்டடமும் தெரிகிற மாதிரி ஒரு படம். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் மூடை வரிசை ஒரு படம். சரக்கின் கிட்டத்துப் படங்கள் நாலைந்து. வேறு எங்கிருந்தோ எடுத்த பளபளப்பான முந்திரிப் படத்தைப் போட்டால், வந்து பார்க்கிறவன் அந்த முந்திரியைத்தான் கேட்பான்.

இவ்வளவும் வாசல் கூட்டிக் கோலம் போடுகிற வேலை. கோலம் போட்டால் மட்டும் வியாபாரம் நடந்துவிடாது. வாயைத் திறந்து பேச வேண்டும். நம் முன்னோர் விளம்பரம் தெரியாதவர்கள் இல்லை. மஞ்சள் பையில் கடைப் பெயர், தினசரி காலண்டர், டூரிங் தியேட்டரில் ஸ்லைடு, கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் என்று எங்கெல்லாம் ஜனங்கள் கண் போகிறதோ அங்கெல்லாம் தங்கள் பெயரை வைத்தார்கள். இன்று ஜனங்கள் கண் கைபேசியில் இருக்கிறது. அங்கே எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

இதில் எங்கள் கருத்து கொஞ்சம் மாறுபட்டது. "வாங்க வாங்க, தள்ளுபடி" என்று கூவுவதில் நாம் பெரிய கம்பெனியை ஜெயிக்க முடியாது. அவர்களிடம் பணம் இருக்கிறது, ஒரு கிலோ சர்க்கரையை நஷ்டத்துக்குக்கூடக் கொடுப்பார்கள். நம்மிடம் இருந்து அவர்களிடம் இல்லாதது சரக்கைப் பற்றிய அறிவு. நிமிடக் கணக்கில் மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் வைக்கிற பையனிடம் "தம்பி, இந்த உளுந்து இட்லிக்குப் பொங்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? நம் கடையில் பத்து வருடம் நின்ற எடைபோடும் பையன் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவான், இது புது உளுந்து, இது போன வருடத்துச் சரக்கு, மாவு காணாது என்று. இந்த அறிவை நாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதையே ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டால் நூறு வீட்டில் கேட்பார்கள்.

உதாரணத்துக்குச் சிலவற்றைச் சொல்கிறோம். துவரம்பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது? துவரை உருண்டையாக இருக்கும். கேசரி ஆப்பு வைத்தது போல ஒரு பக்கம் சரிந்து, மூலை தெரியும். இரண்டையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். மிளகில் பப்பாளி விதை கலந்ததா என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் போதும். மிளகு அடியில் போகும், பப்பாளி விதை மிதக்கும். கடுகைக் கையில் நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரமதண்டு விதையை நசுக்கினால் உள்ளே வெள்ளை. வெல்லம் கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் ரசாயனம் போட்டு வெளுக்க வைத்திருக்க வாய்ப்பு அதிகம், கொஞ்சம் கறுத்த வெல்லம்தான் பொங்கலுக்கு ருசி. பழைய அரிசி தண்ணீர் அதிகம் குடிக்கும், சாதம் உதிரியாக வரும். புது அரிசி குழையும், சர்க்கரைப் பொங்கலுக்கு அதுதான் வேண்டும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து வெயிலில் காயவைத்துக் கல்லுப்புக் கலந்து அடைத்தால் வருடம் முழுக்கக் கெடாது. இவையெல்லாம் நமக்குச் சர்வ சாதாரணம். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பெண்ணுக்கு இதைச் சொல்ல இன்று வீட்டில் ஆளில்லை.

எங்கள் கடையில் இப்படி முதலில் எடுத்த வீடியோ பப்பாளி விதைதான். பேரன் எடுத்தான். நாங்கள் கேமரா முன்னால் நின்று மேடைப் பேச்சுப் போல ஆரம்பித்ததும், "தாத்தா, கடையில பேசுற மாதிரி பேசுங்க" என்றான். அவன் சொன்னது சரி. நாலாவது தடவைதான் வாய் சரளமாக வந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த பெண்மணி ஒருவர் மிளகு வாங்கவில்லை, பத்துக் கிலோ பருப்பு வாங்கிக்கொண்டு போனார். விளம்பரம் எங்கே போய் எங்கே பலிக்கும் என்று சொல்ல முடியாது. ஒரு எச்சரிக்கையும் உண்டு: கலப்படத்தைக் காட்டும்போது எந்தக் கடையின் பெயரையும், எந்தப் பாக்கெட்டையும் காட்டக் கூடாது. சரக்கைப் பற்றிப் பேசுவது அறிவு. அடுத்தவன் சரக்கைப் பற்றிப் பேசுவது வழக்கு.

விலையைப் போடலாமா என்பதில் நம்மவர்களுக்குள் பெரிய தகராறே இருக்கிறது. "ரேட்டைப் போட்டால் எதிர்க்கடைக்காரன் பார்த்து ஐம்பது காசு குறைப்பான்" என்கிறார்கள். அவன் இப்போது மட்டும் பார்க்காமலா இருக்கிறான்? நம் கடைக்கே ஆளனுப்பி விசாரிக்கிறானே! விருதுநகர் மார்க்கெட் நிலவரம் காலங்காலமாகத் தினசரிகளில் அச்சாகிறது. மொத்த விலையே ஊரறிந்த ரகசியம்தான். "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்று போட்டால் பத்தில் எட்டுப் பேர் தொடர்புகொள்ள மாட்டார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் வைக்கக் கூச்சம். ஆகவே எல்லாச் சரக்குக்கும் போட வேண்டாம்; அன்றாடம் போகும் பத்து அயிட்டத்துக்குப் போடுங்கள். ஆனால் தேதியும் நேரமும் போடாமல் ஒரு விலைப் பட்டியலையும் வெளியே விடாதீர்கள். இதில் நாங்கள் அடிபட்டிருக்கிறோம். நாங்கள் அனுப்பிய பட்டியல் ஒன்று கை மாறிக் கை மாறி பதினெட்டு நாள் கழித்து எங்கள் கடைக்கே வந்தது. அதற்குள் உளுந்து ஏறிவிட்டது. அந்த ஆளோ படத்தைக் காட்டி, "உங்க கடை பேருதானே இது?" என்கிறார். பழைய விலைக்கே கொடுத்து அனுப்பினோம். வேறு வழி?

வாட்ஸ்அப் பற்றிச் சொல்ல வேண்டும். வியாபாரத்துக்கென்று தனி வாட்ஸ்அப் 2018 முதல் இருக்கிறது. அதில் கடை முகவரி, நேரம், படத்தோடு சரக்குப் பட்டியல் எல்லாம் வைக்கலாம், கடை அடைத்த பின் வரும் செய்திக்குத் தானே பதில் போகும்படி செய்யலாம். நம்மில் பாதிப் பேர் குரூப் தொடங்கி வாடிக்கையாளர்களை எல்லாம் அதில் தள்ளிவிடுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். குரூப்பில் உள்ள எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். அதில் பெண்கள் இருக்கிறார்கள். வேண்டாத அழைப்பு வந்தால் பழி கடைக்கு. எதிர்க்கடைக்காரன் ஒருவன் உள்ளே புகுந்தால் நம் வாடிக்கையாளர் பட்டியலையே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி. அதற்குப் பதிலாகப் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. ஒரே நிபந்தனை, அவர்கள் போனில் நம் எண்ணைப் பதிந்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். எனவே பில்லின் அடியில் "எங்கள் எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி அச்சடிப்பதும், கல்லாவில் நிற்கும்போது வாயால் சொல்வதும் அவசியம்.

வாரத்துக்கு இரண்டு செய்திக்கு மேல் வேண்டாம். காலை வணக்கம், ரோஜாப்பூ, ராசிபலன் எல்லாம் நம் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிக்கொள்வோம். தொந்தரவு என்று பலர் புகார் செய்தால் எண்ணையே முடக்கிவிடுவார்கள்.

வயதானவர்களுக்குச் சாமான் பட்டியலைத் தட்டச்சு செய்யச் சிரமம். குரலில் பேசி அனுப்பச் சொல்லுங்கள். எங்களிடம் சில்லரையாக வாங்கும் தெருக்காரப் பாட்டி ஒருவர் மாதம் முதல் தேதி நாலு நிமிடம் பேசி அனுப்புவார். அதில் மூன்று நிமிடம் பேரனைப் பற்றி. கடைசி நிமிடத்தில் பட்டியல் வந்துவிடும்.

வாட்ஸ்அப்புக்கு வர வழிகாட்டும் க்யூஆர் கட்டம் ஒன்றைக் கடையில் ஒட்டலாம். ஆனால் பணம் செலுத்தும் யூபிஐ கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், ஆள் குழம்பிப் போகிறார்கள். தூரமாக, வேறு நிறத்தில் ஒட்டுங்கள். வாரம் ஒரு முறை நம் கட்டத்தின் மேல் வேறு எவனாவது ஒட்டியிருக்கிறானா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

நட்சத்திரம் கொடுக்கும் விமர்சனங்களைப் பற்றிச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஒருவர் எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, "புளியில் பாதி கொட்டை" என்று எழுதிவிட்டார். எங்களுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாற்பது வருடக் கடையை ஒரு வரியில் கெடுத்துவிட்டானே என்று. மருமகள் இரண்டு நாள் எங்களிடம் போனைக் கொடுக்கவில்லை. பிறகு அவரே, "அந்த வாரம் வந்தது கொட்டைப்புளி, விலையும் அதற்குத் தக்கபடி குறைவு. வாங்கும்போது சொல்லாதது எங்கள் தவறு. கொட்டை எடுத்த புளி தனியாக இருக்கிறது, அடுத்த முறை பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதினார். புகார் சொன்னவர் திரும்பி வந்தாரா என்று தெரியாது. ஆனால் அந்தப் பதிலைப் படித்துவிட்டு வந்ததாகத் திருப்புவனத்து ஓட்டல்காரர் ஒருவர் சொன்னார். புளி அவரும் வாங்குகிறார்.

நல்ல விமர்சனம் வேண்டுமானால் திருப்தியாகப் போகிறவரிடம் வாய் விட்டுக் கேட்கலாம். பணமோ பொருளோ கொடுத்து எழுதச் சொல்லக் கூடாது, விதி அனுமதிக்கவில்லை. "மூவாயிரம் ரூபாய் கொடுங்கள், நூறு ஐந்து நட்சத்திரம் போட்டுத் தருகிறேன்" என்று ஒரு தம்பி எங்களிடம் வந்தார். மதுரைப் பருப்புக் கடையைப் பற்றி ஒரே ராத்திரியில் நூறு பேர் புகழ்ந்தால், படிக்கிறவன் என்ன முட்டாளா? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அதே போல, "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடைப் பதிவு நாளை நீக்கப்படும், இத்தனை ஆயிரம் கட்டுங்கள்" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். பதிவுக்குக் கட்டணம் இல்லை. "உங்கள் கடையை முதல் இடத்தில் கொண்டுவருகிறோம்" என்பவர்களையும் நம்ப வேண்டாம். தேடுபவருக்குப் பொருத்தமான கடையா, எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது என்ற மூன்றையும் வைத்துத்தான் வரிசை வருகிறது. பணம் கட்டி அந்த வரிசையில் முன்னே வர முடியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. நம் மளிகைக் கடைக்கு வருகிறவர் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் இருப்பவர்தான். சென்னைக்காரர் போனில் நம் கடை வந்து ஆகப்போவது என்ன?

இலவச வெப்சைட் வைத்திருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கூகுள் பதிவிலிருந்தே இலவசமாகச் செய்துகொண்ட வெப்சைட்டுகளை 2024 மார்ச் மாதத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த முகவரியை இன்னும் பில்லில் அச்சடித்துக்கொண்டிருப்பவர்கள் அடுத்த பில் புத்தகத்திலாவது எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறோம். இந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். நமக்குத் தெரியாத வேலை என்பதால் கம்ப்யூட்டர் தெரிந்த கடைப் பையனிடம் விட்டுவிடுகிறோம். அவன் தன் சொந்த ஈமெயிலில் திறக்கிறான், தன் சொந்த எண்ணைக் கொடுக்கிறான். வடக்கு மாசி வீதிப் பக்கம் நமக்குத் தெரிந்த ஒரு வணிகர் கடையில் அப்படித்தான் நடந்தது. பையன் சம்பளத் தகராறில் வேலையை விட்டான். இரண்டு வாரம் கழித்து அந்தக் கடைப் பெயரைத் தேடினால் வருகிற போன் எண் வேறு கடையுடையது. ஆர்டரெல்லாம் அங்கே போயிருக்கிறது. திரும்ப வாங்குவதற்குள் தீபாவளி முடிந்துவிட்டது. உரிமையாளர் என்று ஒரு நிலை, மேலாளர் என்று ஒரு நிலை இதில் இருக்கிறது. உரிமையாளர் நாம், வேலை செய்யும் பையன் மேலாளர். அவன் போகும்போது அவன் பெயரை மட்டும் எடுத்துவிடலாம். இரும்புப் பெட்டிச் சாவியை யாரிடமும் கொடுக்காத நாம் இதைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். கடை எண் கடைப் பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் இரண்டாவது பூட்டாக ஒரு ரகசிய எண் வைக்க வசதி உண்டு, வையுங்கள். போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும், சொந்த மச்சான் கேட்டாலும், சொல்லாதீர்கள்.

இதெல்லாம் செய்தால் வரி அதிகாரி கண்ணில் படுவோமே என்று மூத்த வணிகர் ஒருவர் கவலைப்பட்டார். 2017 ஜூலை முதல் மாதாமாதம் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நம்மைத் தெரியாதவர் ஊரில் அவர் ஒருவர்தானா பாக்கி? வாடிக்கையாளருக்குத் தெரியாமல் இருப்பதால்தான் நஷ்டம். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணைக்கூடப் பதிவில் தைரியமாகப் போடுங்கள். ஒழுங்கான கடை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்கள் கடை இப்போது வரைபடத்தில் சரியான தெருவில், திறந்த கடையாகத்தான் இருக்கிறது. மேலூர்ப் பிள்ளை திரும்ப வருகிறான். ஆனால் அந்த இடைவெளியில் போன வேறு ஐந்தாறு பேர் வரவில்லை, அவர்கள் பழகிய கடையை விட்டு வர வேண்டிய அவசியமும் இல்லை. பதிவு நம் பெயரில் இருந்தாலும் யாராவது திருத்தம் சொல்லிக்கொண்டேதான் இருப்பார்கள் என்பதால், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கல்லாவுக்குச் சூடம் காட்டிய கையோடு பேரன் போனில் எங்கள் கடைப் பெயரைத் தேடிப் பார்த்துவிடுகிறோம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல், சங்கக் கட்டடத்தில் இதற்கென்று இரண்டு மேசை போட வேண்டும். பக்கத்து வீதிகளில் உள்ள உறுப்பினர்கள் கடைப் பெயரில் உள்ள சிம்மோடு கைபேசி, ஜிஎஸ்டி சான்றிதழ், பகலில் எடுத்த போர்டு படம் ஆகியவற்றோடு வந்தால், அங்கேயே உரிமை கோரும் வேலையை ஆரம்பித்துவிட்டு, வீடியோவை அவரவர் கடை வாசலில் போய் எடுத்துக்கொள்ளலாம். மறக்காமல் சாவியும் கையில் இருக்க வேண்டும். எங்கள் மருமகளும் பேரனும் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். காபிச் செலவு எங்களுடையது.